பழைய கூடு, புதிய சேசிஸ்: கிளாஸ் 37 மாதிரி எஞ்சின் ஒன்றை மீண்டும் ஓடவைத்த பதிவு

என்னிடம் இருந்த பழைய கிளாஸ் 37 மாதிரி எஞ்சின் (கிளாஸ் 37 என்ற பிரிட்டிஷ் டீசல் ரயில் எஞ்சினின் சிறு பிரதி) கடைசியாக நின்றபோது அதன் மோட்டாரில், சுழலும் பகுதிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் கம்யூட்டேட்டர் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. கார்பன் பிரஷ்களை இரண்டு முறை மாற்றியும், பழைய எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் துடைத்தெடுத்தும் அது பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. ஆனால் அதன் மேற்கூட்டில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அதே சமயத்தில், கீழே விழுந்து மேற்கூடு நொறுங்கிப்போன, ஆனால் சேசிஸ் (மோட்டாரும் சக்கரங்களும் உள்ள அடிப்பகுதி) பழுதுபடாத புதிய தலைமுறை கிளாஸ் 37 ஒன்று பழைய பொருளாகக் கைக்கு வந்தது. ஒன்றின் கூட்டை மற்றதன் சேசிஸ் மீது ஏற்றிவிடலாம் என்று தொடங்கினேன். வேலை முடிய ஏழு வாரங்கள் ஆயின. அவற்றில் பெரும்பகுதி, ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்தைச் சரிசெய்வதில் போயிற்று. மோட்டார், மின்இணைப்பு, விளக்கு எல்லாம் எளிதில் அடங்கிவிட்டன. கூடு தண்டவாளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் அமர வேண்டும் என்ற ஒரே கேள்விதான் மற்ற எல்லாவற்றையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு சென்றது. ஆகவே இந்தப் பதிவும் அதைச் சுற்றியே அமையும்.

உண்மையான கிளாஸ் 37 பற்றி ஓரிரு வரிகள் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனம் 1960 முதல் 1965 வரை பிரிட்டிஷ் ரயில்வேக்காக 309 எஞ்சின்களை இவ்வகையில் கட்டியது. 1,750 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின், இரண்டு போகிகள் (ரயில் பெட்டியையே போகி என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு, இங்கே நான் அச்சுகளைத் தாங்கி, வளைவில் தனியாகத் திரும்பும் சக்கரச் சட்டத்தைத்தான் அப்படிக் குறிக்கிறேன்), ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சுகள், ஆறும் இயங்குபவை. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறைக்கு முன்னால் மூக்குபோலப் புடைத்து நிற்கும் பகுதிதான் இதன் அடையாளம். அந்த மூக்கு பக்கவாட்டில் உள்வாங்கும் வளைவும், அது கண்ணாடிகளுக்குக் கீழே போய்ச் சேரும் விதமும் கொஞ்சம் பிசகினாலும் எஞ்சினின் முகம் மாறிவிடும். பழைய கூட்டை வார்த்தவர்கள் அந்த வளைவைப் பிடித்திருந்தார்கள் என்பதே என் கருத்து. கைப்பிடிகள் கூட்டோடு சேர்ந்த வெறும் மேடுகளாக இருந்தன, ஜன்னல் கண்ணாடி தடித்துக் கிடந்தது. ஆயினும் மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் அது கிளாஸ் 37தான். கூட்டைக் காப்பாற்ற இதைவிட வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

பழைய சேசிஸின் அமைப்பு எளிமையானது. ‘பான்கேக்’ என்று வழங்கும் தட்டையான மோட்டார் ஒரு போகிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நேர்ப் பல்சக்கரங்கள் வழியாகச் சக்கரங்கள் சுழலும். மற்றப் போகி வெறுமனே உருண்டு வரும். ஒரு போகி ஒரு பக்கத் தண்டவாளத்திலிருந்தும் மற்றது எதிர்ப்பக்கத்திலிருந்தும் மின்சாரம் எடுத்தன. இயங்கும் சக்கரங்கள் சிலவற்றில் வழுக்காமலிருக்க ரப்பர் வளையம் மாட்டியிருந்ததால், அந்தச் சக்கரங்களால் மின்சாரம் எடுக்கவும் முடியாது. எனவே பாதை பிரியும் இடங்களில் மெதுவாகப் போனால் எஞ்சின் திக்கித் திக்கி நிற்கும். சக்கர விளிம்புகளும் ஆழமானவை. 2.54 மி.மீ. உயரமுள்ள கோட் 100 தண்டவாளத்தில் அவை தொல்லை தரவில்லை; 1.9 மி.மீ. உயரமுள்ள கோட் 75-இல் தண்டவாளத்தைப் பற்றி நிற்கும் சிறு பிடிகளில் மோதிக் கடகடவென்று ஓசை எழுப்பின.

புதிய சேசிஸில் மோட்டார் நடுவில் இருக்கிறது. அதன் இரு பக்கமும் ஓட்டத்தைச் சீராக்கும் கனமான சக்கரங்களான ஃப்ளைவீல்கள். அங்கிருந்து சிறு தண்டுகள் இரு போகிகளுக்கும் சென்று வார்ம் கியர் (திருகுபோன்ற பல்சக்கரம்) வழியாக ஆறு அச்சுகளையும் சுழற்றுகின்றன. பன்னிரண்டு சக்கரங்களும் மின்சாரம் எடுக்கின்றன. இவை அனைத்தையும் கனமான துத்தநாகக் கலவை வார்ப்புச் சட்டம் ஒன்று தாங்குகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பழைய கூடு, உள்ளே பெரும்பாலும் வெற்றிடம் இருக்கும் என்ற எண்ணத்தில் வார்க்கப்பட்டது. புதிய சட்டமோ தன் கூட்டுக்குள் கிடைத்த இடத்தையெல்லாம் எடைக்காக நிரப்பிக்கொண்டது.

இத்தகைய வேலையில் இறங்குபவர் முதலில் கூடும் சேசிஸும் ஒரே அளவுத்திட்டத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மாதிரிகள் பெரும்பாலும் ஓஓ அளவில் வருகின்றன. அதில் ஓர் அடி 4 மி.மீ. ஆகிறது, அதாவது 1:76.2. எச்ஓ அளவில் ஓர் அடி 3.5 மி.மீ., அதாவது 1:87. இரண்டும் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுவதால் குழப்பம் எளிதில் நேரும். உண்மையில் 4 அடி 8½ அங்குல இருப்புப்பாதையை 4 மி.மீ. கணக்கில் சுருக்கினால் 18.83 மி.மீ. வர வேண்டும், ஓஓ தண்டவாளம் அதைவிட 2.33 மி.மீ. குறுகலானது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவில் சிறியவை என்பதால் அந்தக் காலத்து மோட்டார் 3.5 மி.மீ. கணக்கில் செய்த கூட்டுக்குள் அடங்கவில்லை. அதனால் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு கூட்டை மட்டும் பெரிதாக்கிவிட்டார்கள். அமெரிக்க மாதிரிகளிலும் மோட்டார் தன் வேலையைக் காட்டியிருக்கிறது: ஆத்தர்ன் நிறுவனத்தின் தொடக்ககால ஜிபி வகை (அமெரிக்க டீசல் எஞ்சின் வரிசை ஒன்று) மாதிரிகளின் நடுக்கூடு உண்மை அளவைவிட அகலமாக இருப்பதற்கு உள்ளே இருந்த மோட்டாரின் அகலமே காரணம். அத்தகைய கூட்டைப் புதிய சேசிஸில் ஏற்றினால் இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் நடைபாதைத் தட்டு பொருந்தாது.

அதே வகையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போகிகள் ஒன்றாக இருப்பதை மட்டும் பார்த்துச் சேசிஸைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அமெரிக்க ஜிபி9, ஜிபி38 இரண்டிலும் போகியின் அச்சு இடைவெளி 9 அடிதான். எச்ஓ அளவில் 31.5 மி.மீ. ஆனால் இரு போகிகளின் மையங்களுக்கு இடையே ஜிபி9-இல் 31 அடி, ஜிபி38-இல் 34 அடி. எச்ஓ அளவில் அவை 108.5 மி.மீ., 119 மி.மீ. என்று ஆகும்போது வரும் 10.5 மி.மீ. வேறுபாட்டை எந்த அரத்தாலும் தீர்க்க முடியாது.

என் விஷயத்தில் இரண்டும் ஒரே வகை எஞ்சின் என்பதால் எண்கள் ஒத்துப்போகும் என்று நம்பினேன். இருந்தாலும் வெர்னியர் காலிபரால் அளந்து எழுதிவைத்தேன். கிளாஸ் 37-இன் நீளம் பஃபர் (முனைகளில் உள்ள இடிதாங்கி) முதல் பஃபர் வரை 61 அடி 6 அங்குலம், அதாவது 246 மி.மீ. போகி மையங்களின் இடைவெளி 37 அடி 2 அங்குலம், அது 148.7 மி.மீ. போகியில் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே 13 அடி 6 அங்குலம். அது 54 மி.மீ. சக்கர விட்டம் 3 அடி 9 அங்குலம். அது 15 மி.மீ. புதிய சேசிஸ் இவற்றுடன் கால் மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனது. கூட்டின் நீளத்தில் அரை மில்லிமீட்டர் குறைவு. அது கண்ணுக்குத் தெரியாது. பிறகு நான் குறிக்க மறந்தது ஒன்றுண்டு. மூக்கின் முன்சுவர் உட்புறத்தில் எவ்வளவு தடிமன் என்று அப்போதே அளந்திருந்தால் இரண்டு வாரங்கள் மிஞ்சியிருக்கும்.

கூட்டைத் தொடுவதற்கு முன் சேசிஸைத் தனியே சோதித்தேன். வார்ப்புச் சட்டத்தின் மேல் ஓர் எஃகு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். சட்டம் நேராகவே இருந்தது. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் ஆண்டுகள் போகப் போக அது வீங்கி, வெடிப்பு விட்டு, நொறுங்கும். அப்படிப்பட்ட சட்டத்தின் மேல் எந்தக் கூட்டையும் பொருத்திப் பயனில்லை. சக்கர இணைகளின் உள்முக இடைவெளி 14.5 மி.மீ. இருப்பதைப் பார்த்துக்கொண்டு, திசைக்கு அரைமணி நேரமாகப் பாதி வேகத்தில் ஓடவிட்டேன். கூடு ஏறிய பிறகு எழும் எந்தக் குறையும் கூட்டினால் வந்ததே என்று உறுதியாகச் சொல்ல இந்தச் சோதனை பின்னால் உதவியது.

அடுத்து கூடு எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். மிகப் பழைய மாதிரிகள் சிலவற்றில் செல்லுலோஸ் அசிடேட் பயன்பட்டது. அது காலப்போக்கில் முறுக்கிக்கொள்ளும், ஸ்டைரீன் பசையும் அதில் பிடிக்காது. என் கூட்டின் உள்மூலையில் ஒரு துளி ஸ்டைரீன் கரைப்பான் வைத்தேன். இடம் உடனே இளகியது, ஆகவே பாலிஸ்டைரீன். நொறுங்கிய புதிய கூட்டின் துண்டு அதே கரைப்பானுக்கு அசையவில்லை. அது ஏபிஎஸ் வகை. இரண்டையும் ஒட்ட வேண்டுமானால் இரண்டையும் கரைக்கும் ப்யூட்டனோன் தேவை. அதன் ஆவியைச் சுவாசிப்பது நல்லதல்ல என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்து, சிறு தூரிகையால் துளித்துளியாகத் தொட்டு வைத்தேன்.

ஏன் புதிய கூட்டின் துண்டை ஒட்ட நினைத்தேன் என்றால், சேசிஸைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் அந்தக் கூட்டில்தான் இருந்தன. நொறுங்கிய கூட்டிலிருந்து நான்கு கொக்கிகளையும் அவற்றின் சுவரோடு அறுத்தெடுத்துப் பழைய கூட்டின் உட்சுவரில் பதித்துவிட்டால், புதிய மாதிரியைப் போலவே ‘டக்’ என்று ஏற்றி இறக்கலாம் என்பது என் திட்டம். திட்டத்தில் தவறில்லை, இடத்தில்தான் தவறு. பழைய கூட்டின் சுவர் சற்றுத் தடிமனாக இருந்ததால் கொக்கிகள் இரு பக்கமும் 0.4 மி.மீ. உள்ளே தள்ளி அமர்ந்தன. கூட்டை அழுத்தி மாட்டியபோது பக்கச்சுவர்கள் வெளியே புடைத்தன. பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் வயிறு தள்ளியதுபோல் நன்றாகத் தெரிந்தது. கொக்கிகளை மீண்டும் வெட்டியெடுத்தேன். ஒரு கொக்கி இருந்த இடத்தில் சுவர் மெலிந்துவிட்டது. அதை உள்ளிருந்து 0.5 மி.மீ. ஸ்டைரீன் தகட்டால் தாங்கவைத்தேன்.

கொக்கியைக் கைவிட்டுத் திருகுக்கு மாறியது நல்லதாகப் போயிற்று. கூட்டின் கூரையின் கீழ், இரு முனைகளிலும் ஸ்டைரீன் கட்டைகளை ஒட்டி, அவற்றில் 1.6 மி.மீ. துளையிட்டு, எம்2 மரை வெட்டினேன். சேசிஸில் ஏற்கெனவே இருந்த இரண்டு ஓட்டைகள் வழியாகக் கீழிருந்து திருகு ஏறும். திருகு கூட்டை இழுத்துப் பிடிக்க மட்டும்தான். கூட்டின் எடையை அது தாங்கக் கூடாது. எடையைத் தாங்குவது நான்கு மூலைகளில் உள்ள தனித் திண்டுகளின் வேலை. இரண்டு வேலைகளையும் ஒரே இடத்தில் சேர்த்தால், திருகை ஒரு சுற்றுக் கூடுதலாக முடுக்கியதும் கூட்டின் உயரம் மாறிவிடும்.

இனி அந்த உயரத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ் வண்டிகளில் பஃபரின் மையம் தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து 3 அடி 5½ அங்குல உயரத்தில் இருக்க வேண்டும்; 4 மி.மீ. கணக்கில் அது 13.8 மி.மீ. பழைய எஞ்சின் தன் பழைய சேசிஸின் மேல் 15 மி.மீ.க்கு மேல் நின்றது. இத்தனை ஆண்டுகள் அதை அப்படியே பார்த்துப் பழகியிருந்ததால், கூட்டைப் புதிய சேசிஸ் மீது முதன்முதலாக வெறுமனே வைத்தபோது வந்த 15.3 மி.மீ. உயரம் எனக்குத் தவறாகவே தோன்றவில்லை. பக்கத்தில் ஒரு பெட்டியை நிறுத்தியபோதுதான் எஞ்சின் கால்விரலில் எக்கி நிற்பது தெரிந்தது. கூட்டின் கீழ்விளிம்புக்கும் போகிக்கும் இடையே தெரியும் வெளிச்சம்தான் மாதிரிக்குப் பொம்மைத்தன்மை தருகிறது. அந்த இடைவெளி மூடியதும் அதே கூடு கனமான எஞ்சினாகிவிடுகிறது.

அளப்பதற்கு ஓர் எளிய கருவி செய்துகொண்டேன். தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் இரண்டு நேரான தண்டவாளத் துண்டுகளை ஒட்டி, அதன்மேல் சேசிஸை நிறுத்தினேன். 13.8 மி.மீ.க்குக் கோடு கீறிய ஸ்டைரீன் நிறுத்தி ஒன்றைத் தண்டவாளத்தின்மேல் வைத்துப் பஃபருக்கு நேரே நகர்த்தினால், எந்த மூலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உடனே தெரியும். நான்கு பஃபர்களையும் தனித்தனியாக அளக்க வேண்டும். என் கூட்டில் ஒரு மூலை மற்ற மூன்றைவிட 0.6 மி.மீ. உயர்ந்திருந்தது, இத்தனை ஆண்டுகளில் கூடு கொஞ்சம் முறுக்கியிருக்கிறது. வெந்நீரில் முக்கி நிமிர்த்துகிறவர்கள் உண்டு. வண்ணமும் எழுத்துகளும் அப்படியே இருக்கும் கூட்டில் அதைச் செய்ய எனக்கு மனம் துணியவில்லை. அந்த மூலையின் திண்டை மட்டும் குறைத்து, எதிர்முனைத் திருகைச் சற்று இறுக்கியதில் முறுக்கு சமனாயிற்று.

கூடு கீழே இறங்காமல் தடுத்தவை எவை என்று கண்டுபிடிக்க மென்களிமண்தான் சிறந்த துணை. பட்டாணி அளவு உருண்டைகளைச் சேசிஸின் உயர்ந்த பகுதிகளில் வைத்து, கூட்டை மெல்ல அழுத்தி எடுத்தால், களிமண் எங்கே தாளாக நசுங்கியிருக்கிறதோ அங்கே கூடு முட்டுகிறது. எனக்கு மூன்று இடங்கள் அகப்பட்டன: மின்பலகையின் இரு மூலைகள், கூரைக்குள் பழைய எடைக்கட்டிக்காக இறங்கிய இரண்டு தடுப்புகள், மூக்கின் உட்புறம். மின்பலகையின் மூலைகள் தடம் எதுவும் ஓடாத வெற்றுப் பகுதியாக இருந்ததால் அங்கே ஒரு மில்லிமீட்டர் அரத்தால் தேய்த்தேன். கூரைத் தடுப்புகளைக் கூர்மையான உளிக்கத்தியால் சீவினேன். சுழல் கருவி எடுத்தால் வேலை விரைவில் முடியும் என்று தோன்றும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் வெட்டுப்படுவதற்குப் பதில் உருகி மீண்டும் ஒட்டிக்கொள்கிறது, வெப்பம் மறுபக்கத்து வண்ணத்தைக் குமிழியாக்கவும் கூடும். கத்தியால் சீவுவதற்கு ஈடில்லை. மெல்லிய சுருளாக வரும், கை நிறுத்திய இடத்தில் நிற்கும்.

மூக்குதான் உண்மையான சோதனை. சேசிஸின் வார்ப்புச் சட்டம் மூக்குக்குள் நீண்டு சென்று எடை சேர்க்கிறது. பழைய கூட்டின் மூக்குச் சுவரோ உள்ளே 2.5 மி.மீ. தடிமன். அதை ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே சீவக் கூடாது என்று எல்லை வகுத்துக்கொண்டேன். வளைந்த சுவரின் தடிமனைக் காலிபரின் முனைகளால் நேராக அளக்க முடியாது. 3 மி.மீ. எஃகு உருண்டை ஒன்றை உள்ளே வைத்து, உருண்டையையும் சுவரையும் சேர்த்து அளந்து, மூன்றைக் கழித்தேன். இந்தத் தந்திரம் எனக்குக் கடைசிவரை கைகொடுத்தது. இரு முனைகளையும் 1.2 மி.மீ. வரை சீவிய பிறகும் 0.8 மி.மீ. மிச்சம் இருந்தது. இதற்குமேல் கூட்டிடம் கேட்பது நியாயமில்லை. சட்டம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

சட்டத்தை அராவுவதானால் மோட்டாரையும் போகிகளையும் முழுவதும் கழற்றிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். துத்தநாகக் கலவையின் தூள் காந்தத்தில் ஒட்டாது, ஆகவே காந்தத்தை வைத்து அதைப் பொறுக்கியெடுக்கவும் முடியாது. கியர் கிரீஸில் கலந்தால் அரைக்கும் பொடியாகவே வேலை செய்யும், மின்பலகையில் விழுந்தால் குறுக்குமின் ஏற்படுத்தும். வெற்றுச் சட்டத்தைப் பிடிப்பானில் மரத்துண்டுகளுக்கு நடுவே கவ்வி, இரு முனைகளின் மேல்மூலைகளை 45 பாகைச் சரிவாக அராவி, தூரிகையும் சோப்புநீரும் கொண்டு கழுவி, நன்கு உலர்த்திய பின்பே மீண்டும் பூட்டினேன். அன்று கூடு முதன்முறையாக 13.9 மி.மீ. காட்டியது. அதற்குமேல் குறைக்க நான் முயலவில்லை.

திண்டுகளை ஒரே தகட்டிலிருந்து வெட்டாமல் 1 மி.மீ., 0.5 மி.மீ., 0.25 மி.மீ. ஸ்டைரீன் தகடுகளை அடுக்கிச் செய்தது நல்ல முடிவு. மேலடுக்கைப் பசையில்லாமல் வைத்து ஓட்டிப் பார்த்து, அளவு நிலைத்த பிறகே ஒட்டினேன். ஒட்டிய பசை முழுவதும் காய ஒருநாள் விட வேண்டும்; கரைப்பான் உலரும்போது தகடு மிகச் சிறிதளவு அமுங்குகிறது, அதற்குள் அளந்தால் எண் பொய் சொல்லும்.

உயரம் அமைந்ததும் வளைவுகளில் சோதிக்கத் தொடங்கினேன். 438 மி.மீ. ஆரமுள்ள இரண்டாம் நிலை வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது எஞ்சின் சீராகச் சென்றது. இடப்பக்கம் திரும்பும்போது முன்போகியின் முதல் சக்கரம் ஒவ்வொரு முறையும் தடம் இறங்கியது. கூடு இல்லாமல் ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை. கூட்டுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் கூடுதல் தகடு வைத்தாலும் குறையில்லை. ஆக, திரும்பும்போது மட்டும் ஏதோ ஒன்று கூட்டில் தொடுகிறது. படிக்கட்டுகள் பஃபர்ப் பலகையில் இடிக்கின்றன என்று நினைத்து அவற்றைச் சந்தேகித்தே ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்தேன். கடைசியில் போகியின் பல்சக்கரங்கள் அடங்கிய கியர்க் கோபுரத்தின் உச்சியில் களிமண் வைத்து, போகியைக் கையால் இடப்பக்கம் திருப்பி எடுத்தபோது, களிமண்ணில் மின்கம்பியின் தடம் பதிந்திருந்தது. சக்கரங்களிலிருந்து மேலே செல்லும் கம்பி, போகி இடப்பக்கம் திரும்பும்போது மட்டும், நான் முழுதாகச் சீவாமல் விட்ட கூரைத் தடுப்பின் அடிக்கட்டைக்கும் கோபுரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு போகியின் ஒரு மூலையை மேலே தூக்கியது. அடிக்கட்டையைச் சமமாகச் சீவி, கம்பியைக் கழற்றி, சுவரோரமாக வளைத்து மீண்டும் பற்றவைத்தேன். கம்பிக்கு இழுவிசை இல்லாத தளர்ச்சி வேண்டும், ஆனால் கூரையைத் தொடும் அளவுக்குத் தளர்ச்சி கூடாது.

மின்இணைப்பில் விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. சேசிஸில் டிசிசிக்கான (தண்டவாளம் வழியே எண்முறைக் கட்டளை அனுப்பி எஞ்சினை இயக்கும் முறை) எட்டு ஊசி இணைப்பான் ஏற்கெனவே இருந்தது. அந்தக் கட்டளைகளைப் புரிந்து மோட்டாரை இயக்கும் டீகோடரைச் செருகும் முன் மோட்டாரின் இரு முனைகளுக்கும் வார்ப்புச் சட்டத்துக்கும் இடையே தொடர்பில்லை என்று மல்டிமீட்டரால் உறுதிசெய்தேன். சட்டத்தை அராவிப் பூட்டிய பிறகு இதைச் செய்யாமல் விடக் கூடாது. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளையும் மஞ்சளும் முன்பின் விளக்குகளுக்கு, நீலம் அவற்றின் பொது நேர்முனைக்கு. எட்டு ஊசிச் செருகியைத் திருப்பிப் போட்டுவிட்டால் எஞ்சின் எதிர்த்திசையில் ஓடும், விளக்கு எரியாது. பதறாமல் திருப்பிச் செருகினால் போதும்.

விளக்குகளுக்குப் பழைய கூட்டில் ஏற்பாடே இல்லை. மூக்கில் உள்ள எண்பெட்டியின் (ரயிலின் குறியெண்ணைக் காட்டும் பெட்டி) பின்சுவரைத் துளைத்து, சேசிஸின் எல்இடி ஒளி அதன் வழியே வரும்படி செய்தேன். முதல் முறை எரியவிட்டபோது மூக்கு முழுவதும் விளக்குபோல் ஒளிர்ந்தது. சீவி மெலிந்த சுவர் ஒளியை விட்டுவிட்டது. உட்புறத்தில் இரண்டு பூச்சு கறுப்பும் அதன்மேல் ஒரு பூச்சு வெள்ளியும் பூசியபின் அடங்கியது. ஏற்கெனவே இருந்த 1 கிலோ ஓம் மின்தடைக்குப் பதில் 4.7 கிலோ ஓம் வைத்தேன். 1960களின் எண்பெட்டி இதைவிடப் பிரகாசமாக எரிந்தால் பொருந்தாது.

ஜன்னல்களுக்குத் தடித்த பழைய வார்ப்பை நீக்கி, மெல்லிய ஒளிபுகும் தகட்டைத் திறப்புக்கு ஏற்ப வெட்டி, சுவரோடு சமமாக அமர்த்தினேன். இங்கே சயனோஅக்ரிலேட் பசையைப் பயன்படுத்தக் கூடாது. அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் வெண்படலமாகப் படிந்துவிடும். நீரில் கரையும் வெள்ளைப் பசை போதும். உலர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

ஓட்டத்தைப் பற்றி: கூடு ஏறிய எஞ்சினின் எடை தராசில் 478 கிராம். பழையதில் ரப்பர் வளையம் செய்த வேலையை இதில் இந்த எடையும் இயங்கும் பன்னிரண்டு சக்கரங்களும் செய்கின்றன. பழைய மோட்டார் ஐந்து பெட்டிகளை இழுக்கும்போது 0.7 ஆம்பியர் வரை எடுத்தது. இப்போது எட்டுப் பெட்டிகளுக்கு 0.25 ஆம்பியரைத் தாண்டவில்லை. டீகோடரில் தொடக்க மின்னழுத்தத்தைக் குறிக்கும் சிவி2 என்ற அமைப்பு மதிப்பைக் கொஞ்சம் கூட்டி, வேகமெடுக்கும் நேரமான சிவி3-ஐயும் வேகம் குறையும் நேரமான சிவி4-ஐயும் உயர்த்தினேன். பாதை பிரியும் இடத்தில், முன்பு கையால் தள்ளிவிட வேண்டியிருந்த அதே இடத்தில், எஞ்சின் இப்போது ஊர்ந்து கடக்கிறது. அதைப் பார்க்கவே பலமுறை அங்கே திருப்பி அனுப்பினேன்.

ஒரு வேலை மீதியிருக்கிறது. கூடு கீழே இறங்கியதால், இரண்டாவது முனையில் பஃபர்ப் பலகையின் கீழ்விளிம்பு பெட்டியைக் கோக்கும் இணைப்பியின் நெம் 362 என்ற தர அளவுப் பொருத்துகுழிக்கு மிக அருகில் வந்துவிட்டது, 438 மி.மீ. வளைவில் இணைப்பி பக்கவாட்டில் ஆடும்போது லேசாக உரசுகிறது. பலகையை வெட்ட மனமில்லை. சற்று நீளமான இணைப்பியைப் போட்டு, உரசும் இடத்துக்கு வெளியே அதை நகர்த்த முடிகிறதா என்று அடுத்து பார்க்கப் போகிறேன்.